மீட்கும் உரிமை உடையவர்

எருசலேம் நகரைப் பாபிலோனியப் படை நாற்புறமும் வளைத்துக்கொண்டு, மதில்களுக்கு எதிரே மண்மேடுகளை எழுப்பிக்கொண்டிருந்த நாட்களில், யூதாவின் கடைசி அரசனாகிய சிதேக்கியா ஆண்ட பத்தாம் ஆண்டிலே, அரண்மனைக் காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியா தீர்க்கதரிசியைத் தேடி அவருடைய நெருங்கிய உறவினன் ஒருவன் வந்தான். அவருடைய தந்தையின் உடன்பிறந்தாரான சல்லூமின் மகன் அனாமெயேல் என்பது அவன் பெயர். எருசலேமுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆனதோத் என்னும் தங்கள் சொந்த ஊரில் தனக்கு இருந்த நிலத்தை எரேமியா வாங்கிக்கொள்ளவேண்டும் என்றும், அதை மீட்கும் உரிமை அவருக்கே உரியது என்றும் அவன் கேட்டுக்கொண்டான். அந்த நிலம் அப்பொழுது எதிரியின் காலடியில் கிடந்தது. அதில் உழவும் முடியாது, விதைக்கவும் முடியாது, போய் நின்று பார்க்கவும் முடியாது. நகரம் விழப்போகிறது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தவரும், அப்படிச் சொன்னதற்காகவே சிறைப்பட்டவரும் அந்த எரேமியாவேயன்றி வேறொருவர் அல்லர். ஆயினும் அவர் மறுக்கவில்லை.

நாணயம் வழக்கத்துக்கு வராத காலமாதலால், 17 சேக்கல் வெள்ளியை, நம் அளவையில் சொன்னால் ஏறத்தாழ 200 கிராம் வெள்ளியை, தராசிலே நிறுத்துக் கொடுத்தார். கிரயப் பத்திரம் எழுதப்பட்டது; சாட்சிகள் கையெழுத்திட்டார்கள்; முத்திரையிட்ட பிரதி ஒன்றும் திறந்த பிரதி ஒன்றுமாக இரண்டு பத்திரங்களைத் தம் எழுத்தரான பாருக்கின் கையில் ஒப்புவித்து, அவை நெடுங்காலம் கெடாமலிருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். அந்தத் தேசத்திலே வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் மறுபடியும் விலைக்கு வாங்கப்படும் காலம் வரும் என்பதே அதற்கு அவர் சொன்ன காரணம்.

கிறிஸ்தவ வேதசாஸ்திரம் 'மீட்பு' என்று சொல்லும்போது எதைச் சொல்கிறது என்று விளங்கிக்கொள்ள விரும்புகிறவர்கள், பின்னாளில் எழுந்த பெரிய தத்துவக் கட்டடங்களுக்குள் நுழையுமுன், இந்தச் சிறைமுற்றத்தில் சற்று நேரம் நிற்பது நல்லது என்பது என் எண்ணம். ஏனெனில், அந்தச் சொல்லுக்கு அடியிலே கிடப்பது சந்தை வியாபாரமும் அன்று, நீதிமன்றத் தீர்ப்பும் அன்று. ஒரு குடும்பத்தின் கடமையே அதன் வேர்.

பழைய இஸ்ரவேலரின் வழக்கத்தில், வறுமையினால் ஒருவன் தன் நிலத்தை விற்றுவிட்டால், அதை மீட்டுக் குடும்பத்துக்குத் திருப்பவேண்டியவன் அவனுடைய நெருங்கிய உறவினன். நிலம் போனபின் உடலும் போய், தன்னையே ஓர் அந்நியனுக்கு அடிமையாக விற்றுக்கொள்ளும் நிலை வந்தால், அவனுடைய சகோதரனோ, சிற்றப்பனோ, சிற்றப்பன் மகனோ, அந்த வம்சத்தில் நெருங்கிய வேறொருவனோ அவனை விடுவிக்கலாம் என்று லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரம் விதிக்கிறது. கொலையுண்டவனுடைய இரத்தத்துக்கு நியாயம் கேட்கவேண்டியவனும் அந்த உறவினனே. இவ்வளவு கடமைகளையும் சுமப்பவனை எபிரெய மொழி 'கோயேல்' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறது. பணம் படைத்தவன் எவனும் கோயேல் ஆகிவிட முடியாது. இரக்கம் மிகுந்தவன் எவனும் ஆகிவிட முடியாது. இரத்த உறவு இருந்தால்தான் அந்த உரிமை பிறக்கும். உறவு இருந்துவிட்டால் உரிமையோடு கடமையும் வந்துவிடும்.

தமிழில் விவிலியத்தைப் படித்து வளர்ந்த நம்மில் பலருக்கு இந்தச் சொல்லின் ஒருமை புலப்படாமற்போனதற்கு மொழிபெயர்ப்பிலே ஒரு காரணம் உண்டு. பழைய திருப்புதலில் ரூத்தின் புத்தகத்தில் இச்சொல் 'சுதந்தரவாளி' என்றும், கொலைப்பழி பேசும் இடத்தில் பழிவாங்குகிறவன் என்ற பொருளிலும், யோபின் புலம்பலிலும் ஏசாயாவின் தீர்க்கதரிசனத்திலும் 'மீட்பர்' என்றும் பெயர்க்கப்பட்டிருக்கிறது. அந்தந்த இடத்துக்கு அந்தந்தச் சொல் பொருந்தியதே. மொழிபெயர்த்த பெரியோரைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் பெத்லகேமின் வயல்வெளியில் கதிர் பொறுக்கிய விதவைக்கு உதவிய சுதந்தரவாளியும், பாபிலோனில் அழுத ஜனத்துக்கு வாக்களிக்கப்பட்ட மீட்பரும் ஒரே சொல்லின் இரு முகங்கள் என்பது, படிப்பவன் கண்ணுக்குத் தப்பிப்போகிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் படித்தேன்.

ரூத்தின் கதையை எல்லாரும் அறிவர். மோவாப் தேசத்தில் கணவனையும் இரு மைந்தரையும் பறிகொடுத்துத் திரும்பிய நகோமியும், அவளைவிட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே வந்த மருமகள் ரூத்தும், வாற்கோதுமை அறுவடை தொடங்கும் காலத்தில் பெத்லகேம் வந்து சேர்கிறார்கள். ரூத் அந்நிய நாட்டுப் பெண். அறுக்கிறவர்கள் சிந்திய கதிர்களைப் பொறுக்கிப் பிழைக்கிறவள். அவள் போய்ச் சேர்ந்த வயல் போவாசினுடையது. போவாஸ், இறந்துபோன மாமனார் எலிமெலேக்கின் உறவினன். இவ்வளவும் தெரிந்த கதை. ஆனால் நான்காம் அதிகாரத்தில் ஊர்வாசலில் நடக்கும் அந்த விசாரணையைத்தான் நாம் மெதுவாகப் படிக்கவேண்டும்.

போவாசைவிட நெருங்கிய உறவினன் ஒருவன் அவ்வூரில் இருந்தான். முதல் உரிமை அவனுடையது. மூப்பர் பத்துப்பேரை உட்காரவைத்து, எலிமெலேக்கின் நிலத்தை மீட்க உனக்கு விருப்பமுண்டா என்று போவாஸ் கேட்டபொழுது, அவன் உடனே சம்மதித்தான். நிலம் கிடைப்பது யாருக்குக் கசக்கும்? ஆனால் அந்த நிலத்தோடு மோவாபியப் பெண்ணையும் ஏற்று, இறந்தவனுடைய பெயர் அந்தச் சுதந்தரத்தில், அதாவது குடும்பச் சொத்தில், நிலைக்கும்படி செய்யவேண்டும் என்று அறிந்தவுடன் பின்வாங்கினான். தன் சொந்தச் சுதந்தரம் கெட்டுப்போகும் என்பது அவன் சொன்ன காரணம். அக்கால வழக்கப்படி ஒருவனுடைய பாதரட்சை கழற்றிக் கொடுக்கப்பட்டு, மீட்கும் உரிமை கைமாறியது. பெண்களின் பெயரையெல்லாம் கவனமாகப் பதித்துவைத்த அந்தப் புத்தகம் இந்த மனிதனுடைய பெயரை மட்டும் எழுதாமல், 'இன்னான்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது. தன் பெயரையும் தன் பங்கையும் காத்துக்கொள்ள விரும்பியவனுக்குப் பெயர் இல்லாமற்போயிற்று. தன் பங்கை மற்றொருவன் பெயருக்காக விட்டுக்கொடுத்தவனுடைய பெயரோ தாவீதின் வம்சவரலாற்றிலும், அதன் வழியாக மத்தேயு எழுதிய இயேசுவின் வம்சவரலாற்றிலும் ரூத்தின் பெயரோடு சேர்ந்தே நிற்கிறது.

மீட்பதற்கு ஒரு விலை உண்டு என்பதையும், அந்த விலை வெறும் வெள்ளி அன்று என்பதையும், மீட்கிறவன் தன் சுதந்தரத்தையே பணயமாக வைக்கிறான் என்பதையும் இந்த ஊர்வாசல் காட்டுவதைப்போல் வேறெந்தத் தத்துவ நூலும் காட்டவில்லை.

இனி, இந்தக் குடும்பச் சொல்லை எடுத்துக் கடவுளுக்குச் சூட்டத் துணிந்தவர்கள் எபிரெயத் தீர்க்கதரிசிகள். யாத்திராகமத்திலேயே இதன் வித்து உண்டு: இஸ்ரவேலைத் தம் மூத்த மகன் என்று பார்வோனிடம் உரிமை கொண்டாடிய கடவுள், ஓங்கிய புயத்தினால் அவர்களை மீட்பதாக மோசேயிடம் வாக்களிக்கிறார். முதலில் உறவு சொல்லப்படுகிறது. பிறகே மீட்பு வருகிறது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் தேவாலயம் எரிந்து, ஜனங்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டு, தங்களுக்கு இனி உறவென்று சொல்ல ஒருவருமில்லை என்று அவர்கள் ஏங்கிய காலத்திலே, ஏசாயாவின் புத்தகத்தின் பிற்பகுதி கடவுளைப் பத்துக்கும் மேற்பட்ட முறை கோயேல் என்று அழைக்கிறது. இதைக் கேட்ட அடிமைகளின் காதுக்கு இது எப்படிப்பட்ட செய்தியாயிருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர், விற்கப்பட்ட ஒரு குடும்பத்தின் நெருங்கிய உறவினராகத் தம்மை அறிவித்துக்கொள்கிறார். ஊர்வாசலில் எழுந்து நின்று, இது என் கடமை என்கிறார்.

அதே புத்தகத்தின் 52-ஆம் அதிகாரத்தில், விலை வாங்காமல் விற்கப்பட்ட அந்த ஜனம் பணம் கொடுக்கப்படாமலேயே மீட்கப்படும் என்ற கருத்து வருவதையும் கவனிக்கவேண்டும். பார்வோனுக்கு ஒரு காசும் கொடுக்கப்படவில்லை என்பதை இதனோடு சேர்த்து நினைத்துக்கொள்வது, பின்னால் வரப்போகும் ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்க்க உதவும்.

கிறிஸ்துவின் அவதாரத்தைப் பற்றிய புதிய ஏற்பாட்டுச் சாட்சியம் முழுவதையும் இந்த ஒளியில் பார்த்தால், அதன் நடுநாடி துலக்கமாகத் தெரிகிறது. மீட்கும் உரிமை உறவினனுக்கே உண்டென்றால், மானிட வர்க்கத்தை மீட்க விரும்பும் கடவுள் மானிடருக்கு உறவினராகவேண்டும். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் சொல்வது இதைத்தான்: பிள்ளைகள் இரத்தமும் மாம்சமும் உடையவர்களாயிருப்பதால் அவரும் அவற்றிலே பங்குபெற்றார், அவர்களைச் சகோதரர் என்று அழைக்க அவர் வெட்கப்படவில்லை. வெட்கப்படவில்லை என்று அந்த ஆசிரியர் ஏன் சொல்லவேண்டும்? வெட்கப்படத்தக்க உறவு அது என்பதனாலன்றோ! கடனில் மூழ்கி, விலைப்பட்டு, ஊராரின் இளக்காரத்துக்கு ஆளான உறவினனைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழக்கம் எந்நாட்டிலும் உண்டு. முகம் திருப்பாத ஓர் உறவினரைப் பற்றிய செய்தியே சுவிசேஷம்.

நாசரேத்து ஜெபாலயத்தில் இயேசு எழுந்து வாசித்த பகுதி, ஏசாயாவின் 61-ஆம் அதிகாரம். சிறைப்பட்டவர்களுக்கு விடுதலையையும் கர்த்தருடைய அநுக்கிரக வருஷத்தையும் கூறும் அந்தப் பகுதிக்குப் பின்னே, விற்ற நிலம் திரும்பி, அடிமைப்பட்டவன் வீடு சேரும் ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலியின் எக்காளம் ஒலிக்கிறது. யோவானின் சுவிசேஷத்தில் மற்றொன்று: தம் சீடர்களை இயேசு, 'என் சகோதரர்' என்று முதன்முதலாகக் குறிப்பிடுவது உயிர்த்தெழுந்த காலையிலே, மகதலேனா மரியாளை அனுப்பும்போதுதான். சில நாட்களுக்கு முன் அவரைக் கைவிட்டு ஓடியவர்களும், மறுதலித்தவரும் அவர்களே. மீட்பு முடிந்தவுடன் அவர் வாயில் வந்த முதல் உறவுச்சொல் அது.

இந்த நேரான பாதையைவிட்டுச் சபையின் சிந்தனை சில நூற்றாண்டுகள் ஒரு சந்துக்குள் நுழைந்து திரும்பவேண்டியிருந்தது. மனுஷகுமாரன் அநேகருக்காகத் தம் உயிரை மீட்கும்பொருளாகக் கொடுக்க வந்தார் என்று மாற்கு எழுதிய இடத்தில் வரும் 'லூத்ரோன்' என்ற கிரேக்கச் சொல், அக்காலத்துக் கிரேக்க உரோம உலகில், போர்க்கைதியையும் அடிமையையும் விடுவிக்கக் கொடுக்கும் தொகைக்கு வழங்கிவந்தது. தெல்பி நகரத்தில் அப்பொல்லோ தெய்வத்தின் கோயிலைச் சார்ந்த சுவர்களில், இன்ன அடிமை இன்ன விலைக்குத் தெய்வத்துக்கு விற்கப்பட்டு விடுதலை பெற்றான் என்று பொறித்த சாசனங்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அடிமை தன் வியர்வையில் சேர்த்த பணமே தெய்வத்தின் பெயரால் எசமானனுக்குக் கொடுக்கப்படும். இப்படி, விலை என்றால் வாங்கிக்கொள்ள ஒருவன் இருக்கவேண்டும் என்ற உலகத்திலே வாழ்ந்தவர்கள், கிறிஸ்துவின் உயிராகிய விலையை வாங்கிக்கொண்டவன் யார் என்று கேட்டது இயல்பே.

அலெக்சாந்திரியாவின் ஒரிகேன் 3-ஆம் நூற்றாண்டில் சாத்தானே அதை வாங்கினான் என்று விடை சொன்னார். மனிதரைச் சிறைபிடித்து வைத்திருந்தவன் அவன்தானே என்பது வாதம். அடுத்த நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி இதற்குத் தூண்டில் உவமையைச் சேர்த்தார்: மாம்சமாகிய இரையை விழுங்க வந்த சாத்தான், அதற்குள் மறைந்திருந்த தெய்வத்துவமாகிய முள்ளில் மாட்டிக்கொண்டான் என்று. உவமை மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது. ஆனால் கடவுள் ஏமாற்றுகிறவராகவும், சாத்தான் நியாயமான உரிமை பெற்ற எசமானனாகவும் ஆகிவிடுகிற இந்த விளக்கத்தை என் மனம் ஏற்கவில்லை. ஏற்காதவர்களில் முதன்மையானவர் அவருடைய நண்பரும் அதே பெயர் உடையவருமாகிய நாசியான்சின் கிரகோரி. ஈஸ்டர் பிரசங்கம் ஒன்றில் அவர் அந்தக் கேள்வியை நேருக்குநேர் எடுத்துக்கொள்கிறார். கொள்ளைக்காரனுக்குக் கடவுளையே கூலியாகக் கொடுப்பது அவமானம் என்கிறார். பிதாவுக்குக் கொடுக்கப்பட்டது என்றால், நம்மைச் சிறைபிடித்தவர் பிதா அல்லவே என்கிறார். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிட வந்தபொழுது ஏற்காமல் ஆட்டுக்கடாவைத் தந்தவர், தம் ஒரே குமாரனுடைய இரத்தத்தில் எப்படி மகிழ்ச்சி கொள்வார் என்றும் கேட்கிறார். கடைசியில், மனுஷீகத்தைக் கடவுளுடைய மனுஷீகத்தால் பரிசுத்தமாக்கும் பொருட்டே இது நிகழ்ந்தது என்று சொல்லி, மிச்சத்தை மௌனத்தால் வணங்குவோம் என்ற கருத்தோடு விட்டுவிடுகிறார். பெரிய மனத்தின் அடக்கம் அது.

அலெக்சாந்திரியாவின் அத்தநாசியு இந்தச் சந்துக்குள் நுழையாமலே சென்றவர். அவதாரத்தைப் பற்றிய தம் சிறிய நூலில் அவர் ஓர் ஓவியத்தைக் காட்டுகிறார். பலகையில் வரைந்த ஒருவருடைய உருவம் அழுக்கேறி மங்கிப்போனால், பலகையை எறிந்துவிடுவதில்லை. யாருடைய உருவமோ அவரே மறுபடியும் வந்து எதிரே அமரவேண்டும். அவரைப் பார்த்து, அதே பலகையில், அதே உருவம் புதுப்பிக்கப்படும். இதில் வாங்குகிறவனும் இல்லை, விற்கிறவனும் இல்லை. வந்து உட்காரும் பொறுமை இருக்கிறது. பலகையின்மேல் உள்ள ஆசை இருக்கிறது. மனிதனைத் துடைத்தெறிந்து வேறொன்றைச் சிருஷ்டிப்பது கடவுளுக்கு அரிதாயிராது; அப்படிச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை என்பதே அத்தநாசியுவின் முழுப் பிரசங்கம்.

காண்டர்பரியின் அத்தியட்சராயிருந்த அன்செல்ம், அரசனோடு ஏற்பட்ட பிணக்கினால் நாடு நீங்கியிருந்த காலத்தில், இத்தாலியிலே 1098-இல் முடித்த நூல், கடவுள் ஏன் மனிதரானார் என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டது. சாத்தானுக்கு எந்த உரிமையும் இல்லை என்று அவர் முதலிலேயே வெட்டிவிடுகிறார். கடவுளுக்குச் செலுத்தவேண்டிய கனத்தை மனிதன் செலுத்தவில்லை. செலுத்தவேண்டியவன் மனிதன், செலுத்தக்கூடியவர் கடவுள். ஆகவே இருவருமான ஒருவர் வேண்டும் என்பது அவருடைய தர்க்கத்தின் எலும்புக்கூடு. பிரபுக்களும் குடிகளும் கனத்தின் கணக்கில் வாழ்ந்த ஒரு யுகத்தின் சாயல் இதில் படிந்திருக்கிறது என்று பலர் குறை கூறியிருக்கிறார்கள். குறையில் உண்மை உண்டு. ஆனால் குறை கூறுகிறவர்கள் நூலின் கடைசிப் பக்கங்கள்வரை போவதில்லை. கிறிஸ்து ஈட்டிய பலன் அவருக்குத் தேவையில்லாதது. அப்படியானால் அதை யாருக்குக் கொடுப்பது நியாயம் என்று கேட்டு, கடனில் கட்டுண்டு கிடக்கும் தம் உற்றாருக்கும் சகோதரருக்கும் கொடுப்பதைவிட வேறென்ன நியாயம் என்று அன்செல்ம் விடை காண்கிறார். தர்க்கத்தின் நீண்ட படிகளில் ஏறிப்போனவரும் உச்சியில் கண்டது பெத்லகேமின் ஊர்வாசலையே! அவருக்குப் பின் வந்த அபெலார்து அன்பையும், சீர்திருத்தக்காரர் தண்டனையையும், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுவீடனின் கஸ்தாவ் ஆலன் வெற்றியையும் முன்னே நிறுத்தினார்கள். ஒவ்வொன்றிலும் உண்மையின் ஒரு பங்கு உண்டு என்பதற்குமேல் இங்கே விரித்துரைக்கவேண்டியதில்லை.

விலை யாருக்குப் போயிற்று என்ற கேள்வி பிழையான கேள்வி என்றே நான் கருதுகிறேன். பிள்ளையைக் காப்பாற்றத் தீயில் குதித்த தாயின் கையில் உள்ள தழும்பு யாருக்குக் கொடுத்த விலை? தீக்கா? தீ அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? விலை என்பது மீட்கிறவர் இழந்தது. வாங்கினவன் ஒருவன் இருந்தே தீரவேண்டும் என்ற விதி அதற்கு இல்லை. பெயரில்லாத அந்த உறவினன் அஞ்சியது எதற்கோ, அதையே கிறிஸ்து செய்தார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார்: தமக்கு இருந்ததைப் பற்றிக்கொள்ளாமல் வெறுமையாக்கி, அடிமையின் ரூபம் எடுத்தார்.

தமிழ்ச் சொல்லிலும் இதற்கு ஒரு வெளிச்சம் இருக்கிறது. 'இரட்சிப்பு' என்பது காத்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட தம் காவியத்துக்கு 'இரட்சணிய யாத்திரிகம்' என்று பெயரிட்டதும் அந்த வேரிலிருந்தே. 'மீட்பு' என்பதோ, இழந்ததைத் திரும்பக் கொணர்தல். அடகுவைத்த நகையை மீட்கிறோம்; கைவிட்டுப்போன நிலத்தை மீட்கிறோம். இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய வழக்கு ஒன்று உண்டு: பகைவர் கவர்ந்துசென்ற ஆநிரையை மீட்டல். தொல்காப்பியம் இதை வெட்சித்திணையின் உள்ளேயே அடக்கிச் சொல்ல, புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை என்று தனித்திணையாக வகுத்தது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தவர்கள் அறிவர்: வில்லோ வாளோ ஏந்திய வீரன் ஒருவன், சில கற்களில் காலடியில் மாடுகள், அருகே பெயரும் ஊரும். நிரையை மீட்கப் போய் மாண்டவனுக்கு ஊரார் எடுத்த கல் அது. அவன் அயலான் அல்லன், அந்த ஊரான். மாடு இழந்தவர்களின் சொந்தக்காரன். அவன் உயிர் யாருக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது என்று அந்தக் கல்லின்முன் நின்று எவரும் கேட்டதில்லை. மாடுகள் ஊர் திரும்பின, அவன் திரும்பவில்லை. அவ்வளவுதான் கணக்கு. மீட்பர் என்று கிறிஸ்துவைத் தமிழில் அழைக்கும்போது இந்த நடுகல்லின் நிழலும் அச்சொல்லின்மேல் விழுகிறது, விழட்டும்.

இனி, 'மிஷன்' என்று நாம் சொல்லும் அனுப்புதலைப் பற்றி. பிதாவிடமிருந்து குமாரனும் ஆவியானவரும் அனுப்பப்படுவதையே பழைய இலத்தீன் வேதசாஸ்திரிகள் 'மிசியோ' என்ற சொல்லால் குறித்தார்கள். கடவுள் கடவுளை அனுப்புவது அதன் முதற்பொருள். 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையார் கடல்கடந்து போகிறவர்களை அனுப்புவதற்கு அச்சொல்லை வழங்கினார்கள். பிறகு அந்த இரண்டாம் பொருளே முதற்பொருளாகி, சபைக்குச் சொந்தமான ஒரு தொழிலாக, சங்கங்களும் நிதிகளும் கட்டடங்களும் உடைய ஓர் ஏற்பாடாக ஆகிவிட்டது. 1949-இல் சீனாவில் ஆட்சி மாறியபின், பல்லாண்டு உழைத்த மிஷனெரிகள் அந்நாட்டைவிட்டு வெளியேறும் நிலை வந்தது. அந்த அதிர்ச்சி ஆறாத 1952-இல், ஜெர்மனியின் வில்லிங்கன் ஊரில் கூடிய சர்வதேச மிஷனெரி மாநாடு, இந்த ஊழியத்தின் ஊற்று திரியேக தேவனேயன்றிச் சபை அன்று என்ற தெளிவுக்கு வந்தது. மாநாட்டைப் பற்றி எழுதிய கார்ல் ஹார்ட்டன்ஷ்டைன் இதற்கு 'மிசியோ தேயி', கடவுளின் அனுப்புதல், என்று பெயர் சொன்னார். கத்தோலிக்கத் திருச்சபையும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1965 டிசம்பர் 7-ஆம் நாள் வெளியிட்ட ஆணையில், குமாரனும் ஆவியானவரும் அனுப்பப்பட்டதிலிருந்தே திருச்சபையின் அனுப்பப்படும் இயல்பு பிறக்கிறது என்று கூறிற்று.

தோல்வியிலே பிறந்த இந்தத் தெளிவு வெற்றியின் நாட்களில் வந்திருந்தால் எவ்வளவு தீமை தவிர்ந்திருக்கும்! ஒன்றை மட்டும் சொல்கிறேன். மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான பார்படோசில், கோட்ரிங்டன் என்பவர் 1710-இல் இறந்தபொழுது, தம் கரும்புத் தோட்டங்களை அவற்றிலிருந்த அடிமைகளோடு இங்கிலாந்தின் சுவிசேஷப் பிரசாரச் சங்கத்துக்கு எழுதிவைத்தார். சங்கம் ஏற்றுக்கொண்டது. சில காலம்வரை அங்கே புதிதாக வாங்கிய அடிமைகளின் மார்பிலே, பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் 'சொசைட்டி' என்ற சொல் பொறிக்கப்பட்டது. மீட்பைப் பிரசங்கிக்க ஏற்பட்ட சங்கத்தின் பெயர், மீட்கப்படாத மனிதனுடைய தோலில் எரிந்தது. பின்னர் 1833-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபொழுது, 2 கோடி பவுன் நஷ்டஈடு ஒதுக்கியது. அது முழுவதும் எசமானர்களுக்கு. அடிமைகளுக்கு ஒரு பென்னியும் இல்லை. அந்தச் சங்கமும் 8,000 பவுனுக்கு மேல் பெற்றுக்கொண்டது. மீட்கும்பொருள் யாருக்குப் போயிற்று என்று ஒரிகேன் முதலியோர் கேட்ட கேள்விக்கு மனிதர் எழுதிய விடை இது: சிறைபிடித்தவனுக்கே போயிற்று. இங்கிலாந்துத் திருச்சபை 2006-இல் இதற்காக மன்னிப்புக் கேட்டது. கேட்டது நல்லதே, ஆனால் அதற்குக் கோட்ரிங்டன் இறந்து ஏறத்தாழ 300 ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

அந்தச் சங்கத்தார் கல்வியறிவில்லாதவர்களல்லர். வேதத்தை அறியாதவர்களும் அல்லர். பார்படோசின் கரும்பு வெட்டுகிறவனைத் தங்கள் உறவினன் என்று அவர்கள் எண்ணவில்லை, அதுவே முழுக்காரணம். உறவை மறுத்தபின் மீட்பு எப்படி வரும்? வேதவசனம் சொல்லிக்கொடுக்கலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், கல்லூரியும் கட்டலாம். கோயேலாக மட்டும் இருக்க முடியாது. கடவுளின் அனுப்புதலில் பங்குகொள்வதாகச் சொல்லும் எந்தச் சபையும், தான் போகும் இடத்திலுள்ளவர்களைத் தன் சொந்தமென்று கொள்கிறதா, அவர்களுடைய கடனையும் இளக்காரத்தையும் தன்னுடையதாக ஏற்கிறதா, அவர்களுடைய பெயர் நிலைப்பதற்காகத் தன் பெயரையும் பங்கையும் விட்டுக்கொடுக்க ஆயத்தமாயிருக்கிறதா என்பதைக்கொண்டே நிறுத்தப்படவேண்டும் என்பது என் துணிபு. ஆட்களின் எண்ணிக்கை இதற்கு அளவாகாது. தன் சுதந்தரம் கெட்டுவிடுமே என்று அஞ்சுகிற சபை, ஊர்வாசலில் பாதரட்சை கைமாறிய இடத்தில் பெயரில்லாமல் நிற்கிறவனுடைய பக்கத்தில் நிற்கிறது.

எரேமியா அந்த வயலுக்குப் போனதாகக் குறிப்பில்லை. நகரம் விழுந்தபின், மிஞ்சிய ஜனங்கள் அவரை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் உரைத்த தீர்க்கதரிசனங்களுக்குப் பிறகு, அவருடைய முடிவைப் பற்றி வேதப்புத்தகம் எதுவும் சொல்லவில்லை. மண்பாண்டத்தில் வைத்த பத்திரத்தை யாராவது எடுத்தார்களா என்பதும் எழுதப்படவில்லை. பாரசீக அரசன் கோரேசு பாபிலோனைப் பிடித்து, சிறைப்பட்டவர்கள் ஊர் திரும்பலாம் என்று உத்தரவு கொடுத்தபின், திரும்பினவர்களின் கணக்கை எஸ்றாவின் புத்தகம் ஊர் ஊராக எழுதிவைத்திருக்கிறது. அதன் இரண்டாம் அதிகாரத்தில், இருபத்துமூன்றாம் வசனத்தில் உள்ளபடி, ஆனதோத்துக்குத் திரும்பி வந்த மனிதர் 128 பேர்.